டல்சா: தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

ஏப்ரல் 16, 2024, செவ்வாய்

மகன் குடியிருப்பது டல்லாஸுக்கு வடக்கே பிரிஸ்கோவில். செயின்ட் லூயிஸ் – சான் பிரான்சிஸ்கோ ரயில்வே என்ற நீளப் பெயரைச் சுருக்கி அந்தக் காலத்தில் ‘பிரிஸ்கோ’ என்பார்கள். அந்தக் கம்பெனியின் பெயர்தான் ஊருக்கும். திருச்சிக் கோட்டத்தில் சரக்கு ரயில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இது காதில் விழுந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதே பிரிஸ்கோ பாதையால் உண்டான பெரிய ஊர், வடக்கே ஓக்லஹோமா மாநிலத்தில் இருக்கும் டல்சா. ரயில் கொண்டுவந்த ஊரை எண்ணெய் வளர்த்து, ‘உலகின் எண்ணெய்த் தலைநகர்’ என்று பெயர் வாங்கித் தந்தது. இன்றைக்கு சுமார் 4,13,000 பேர் வாழ்கிறார்கள். போய்ப் பார்த்துவிடுவோம் என்றேன், மனைவியும் கிளம்பிவிட்டாள்.

டல்சாவுக்குப் பயணி ரயில் கிடையாது. நாடு முழுக்கப் பயணி ரயில் ஓட்டும் ஆம்ட்ராக் கம்பெனியின் வண்டி, டல்லாஸ் பக்கத்து ஃபோர்ட் வொர்த்திலிருந்து ஓக்லஹோமா சிட்டியோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து டல்சா இன்னும் 170 கிலோமீட்டர். மகனுக்கு லீவு இல்லை. ஆகவே பஸ்.

பஸ் ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. மாநில எல்லையான ரெட் ரிவரைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் ஏசி நின்றது, பிறகு ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் பஸ்ஸே நின்றது. மாற்று வண்டி வரும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தோம். காற்று மட்டும் விடாமல் அடித்தது, தொப்பி தலையில் நிற்கவில்லை. எங்களோடு வந்த ஓர் ஆள், ஆறடிக்கு மேல் உயரம், கையெல்லாம் பச்சை குத்தியிருந்தது. கேட்காமலே கடைக்குள் போய் ஒரு பை நிறைய ஐஸ் கட்டி வாங்கிவந்து, “அம்மாவுக்குக் கொடுங்கள், கழுத்தில் வைத்துக்கொள்ளட்டும்” என்றார். காசு கொடுத்தால் வாங்கவில்லை.

சாயங்காலம் சேர வேண்டியவர்கள் இரவு பத்து மணிக்குச் சேர்ந்தோம். நகரத்து மையத்தில் அந்த நேரத்துக்குத் திறந்த கடை கண்ணில் படவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மனைவி கவுச்சி தொடமாட்டாள் என்பதால் புளிச்சோறு கட்டி எடுத்து வந்திருந்தாள். விடுதி வரவேற்பில் இருந்த பெண் தட்டு, ஸ்பூன் எல்லாம் தேடிக் கொடுத்து, “என்ன வாசனை இது, நன்றாக இருக்கிறதே” என்று நின்றாள். அவளுக்கும் ஒரு கரண்டி.

ஏப்ரல் 17, புதன்

காலையில் ஜன்னல் திரையை விலக்கியதும் முதலில் பட்டது, தெருக்கள் கோணலாக இருப்பது. இந்த மாநிலத்து ஊர்களில் சாலைகள் வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்கு என்று அளந்து கட்டம் போட்டதுபோல் போகும். டல்சாவின் நடுப்பகுதி மட்டும் அந்தக் கட்டத்திலிருந்து சாய்ந்து நிற்கிறது. காரணம் ரயில். 1882ல் பாதை இந்த இடத்துக்கு வந்தபோது இது மஸ்கோகி கிரீக் பழங்குடியினரின் மண். அலபாமாவிலிருந்து விரட்டப்பட்டு வந்த அவர்களில் ஒரு கூட்டம், 1836ல் ஆர்கன்சா ஆற்றங்கரை ஓக் மரத்தடியில் தங்கள் பழைய ஊர் நெருப்பின் சாம்பலை வைத்துப் புது நெருப்பு மூட்டியது. அந்த மரம் இன்றும் நிற்கிறது. ரயில் வந்ததும் தெருக்களைத் தண்டவாளத்துக்கு இணையாகப் போட்டார்கள். வடக்கைப் பார்த்துப் போடவில்லை, வண்டி போகும் திசையைப் பார்த்துப் போட்டார்கள். அந்தச் சாய்வு இன்னும் நிமிரவில்லை.

1931ல் திறந்த யூனியன் டிப்போ ஸ்டேஷன் கம்பீரமான கட்டடம். சுண்ணாம்புக்கல் சுவர், நேர்க்கோடு நேர்க்கோடாகச் செதுக்கிய, அந்தக் காலத்து ‘ஆர்ட் டெகோ’ பாணி அலங்காரம். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதற்குப் பயணி ரயில் வரவில்லை. சரக்கு ரயில்கள் மட்டும் பின்னால் ஓடுகின்றன. பிரிஸ்கோ கம்பெனி 1980ல் பர்லிங்டன் நார்தர்னோடு இணைந்து, இப்போது பாதை பிஎன்எஸ்எஃப் என்ற சரக்கு ரயில் கம்பெனி வசம் இருக்கிறது.

நின்று பார்த்த ஒரு வண்டியைச் சொல்ல வேண்டும். முன்னால் ஆரஞ்சு நிற டீசல் என்ஜின்கள், பின்னால் எண்ணெய் டாங்கர்கள், கன்டெய்னர் மேல் கன்டெய்னர் ஏற்றிய வண்டிகள். முடிவதாகவே தெரியவில்லை. தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் இங்கே பெரும்பாலும் மரக்கட்டைதான், வண்டி ஏறும்போது கட்டை அமுங்கி எழுவது கண்ணுக்குத் தெரிகிறது. நான் காத்திருந்தது கடைசிப் பெட்டிக்காக. கார்டு உட்காரும் பிரேக் வேன் கிடையாது, கார்டு கிடையாது. கப்ளிங்கில் மாட்டிய ஒரு சின்னப் பெட்டி, அதில் மினுக்கும் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். பிரேக் குழாயில் காற்றழுத்தம் எவ்வளவு என்று அதுவே என்ஜினுக்கு ரேடியோவில் சொல்லிவிடும். கடைசி வண்டி இதுதான் என்று காட்டும் ‘எல்.வி.’ பலகை இருக்கிறதா என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பார்த்த எனக்கு அந்தப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. சரக்கு ரயிலில் குறைந்தது இரண்டு பேர் இருந்தே தீர வேண்டும் என்று அமெரிக்க அரசு 2024 ஏப்ரலில்தான் விதி அறிவித்தது. நல்ல விதி. ராத்திரியில் நடுக்காட்டில் வண்டி நின்றால் ஒருவன் இறங்கி நடக்க வேண்டும், இன்னொருவன் என்ஜினில் இருக்க வேண்டும். அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஊர் முழுக்கச் சங்கு அலறியது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏங்க, என்னமோ ஆயிடுச்சுங்க, உள்ள வாங்க” என்று இழுத்தாள். கடிதப் பையோடு போன தபால்காரப் பெண் சிரித்துக்கொண்டே நின்றார். புதன்கிழமை மதியம் சூறாவளிச் சங்கைச் சோதித்துப் பார்ப்பார்களாம். “மற்ற நேரத்தில் கேட்டால் மட்டும் ஓடுங்கள். கீழ்த்தளம், ஜன்னல் இல்லாத அறை” என்று விரல் விட்டுச் சொல்லிக் கொடுத்தார். ஏப்ரலும் மேயும் இங்கே சூறாவளிக் காலம்.

மதியம் 1926 முதல் நடக்கும் கோனி ஐ-லேண்டர். விரல் நீள ஹாட் டாக், ஆவியில் மெத்தென்று ஆன பன், மேலே கொத்துக்கறிக் குழம்பு, கடுகு, பொடியாக நறுக்கிய வெங்காயம், சீஸ். மாட்டுக்கறி கலந்தது என்றதும் மனைவி சீஸும் வெங்காயமும் மட்டும் வைத்த பன் வாங்கிக்கொண்டாள். இருவருக்கும் சேர்த்துப் பத்து டாலருக்குள் முடிந்தது.

மாலை, தண்டவாளத்துக்கு மேலே இருக்கும் நடைபாலத்துக்குப் போனோம். அங்கே ஒரு செங்கல் வட்டம். நடுவில் நின்று பேசினால் நம் குரல் நமக்கே உரக்கத் திரும்பி வருகிறது, வட்டத்துக்கு வெளியே நிற்பவருக்கு அப்படிக் கேட்பதில்லை. ‘பிரபஞ்சத்தின் மையம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மனைவி நடுவில் நின்று முருகன் பாட்டு இரண்டு வரி பாடினாள். பக்கத்தில் நின்ற இளைஞர்கள் கைதட்டினார்கள். பாலத்துக்கு வடக்கே கை காட்டி, “கிரீன்வுட் அந்தப் பக்கம்தான், கட்டாயம் போங்கள்” என்றான் ஒருவன்.

ஏப்ரல் 18, வியாழன்

இன்று பார்த்ததைத்தான் நிதானமாக எழுத வேண்டும்.

முதலில் எண்ணெய்க் கதை. 1901ல் ஆற்றுக்கு மேற்கே ரெட் ஃபோர்க்கில் முதலில் எண்ணெய் வந்தது. 1905 நவம்பரில் தெற்கே கிளென் பூலில் பெரிய வயல் கிடைத்தது. இரண்டுமே அன்றைய டல்சாவுக்கு வெளியே. ஆனால் டல்சாவிடம் ரயில் இருந்தது. ஆற்றைக் கடக்க 1904ல் ஊர்க்காரர்கள் மூன்று பேர் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிச் சுங்கம் வாங்கினார்கள். கிணறு அங்கே இருக்கட்டும், வங்கியும் ஹோட்டலும் அலுவலகமும் இங்கே இருக்கட்டும் என்பது கணக்கு. கணக்கு பலித்தது. வயலின் சகதி ஊருக்குள் வரவில்லை, பணம் மட்டும் வந்தது.

அந்தப் பணத்தில் கறுப்பின மக்களுக்கும் வேலை கிடைத்தது, சமையல்காரராக, டிரைவராக, கூலியாக. ஆனால் தண்டவாளத்துக்குத் தெற்கே அவர்கள் குடியிருக்கவோ கடைகளில் சமமாக நடத்தப்படவோ வழியில்லை. 1906ல் ஓ.டபிள்யூ. கர்லி வடக்கே நிலம் வாங்கிக் கறுப்பினத்தவருக்கு விற்கத் தொடங்கினார். தெற்கே சம்பாதித்ததை வடக்கே செலவழித்தார்கள். ஹோட்டல், சினிமாக் கொட்டகை, மருத்துவமனை, பத்திரிகை, வக்கீல் அலுவலகம் என்று கிரீன்வுட் எழுந்தது. நியூயார்க்கின் பணச்சந்தைத் தெருவை வைத்துக் ‘கறுப்பர்களின் வால் ஸ்ட்ரீட்’ என்று பெயர் பெற்றது.

1921 மே 30. டிரெக்சல் கட்டடத்து லிஃப்ட்டில், செருப்புக்குப் பாலீஷ் போடும் டிக் ரோலண்ட் என்ற பத்தொன்பது வயது இளைஞனுக்கும் லிஃப்ட் இயக்கிய வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் இடையே ஏதோ நடந்தது. கால் இடறி அவள் கையைப் பிடித்திருக்கலாம் என்பதே பலருடைய முடிவு. மறுநாள் அவனைக் கைது செய்தார்கள், பத்திரிகை ஊதிவிட்டது, நீதிமன்றத்தின் முன் வெள்ளையர் கூட்டம் கூடியது. அவனை அடித்துக் கொல்லவிடக் கூடாது என்று கிரீன்வுட்டிலிருந்து ஆயுதத்தோடு ஆட்கள் வந்தார்கள். துப்பாக்கி வெடித்தது. இரவு முழுவதும் சண்டை எங்கே நடந்தது என்றால், பிரிஸ்கோ தண்டவாளத்தில். தெற்கிலிருந்து கடக்க முயல்பவர்களும் வடக்கில் நின்று தடுப்பவர்களும். நடுராத்திரியில் ஒரு ரயில் அதற்குள் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு பக்கத்துக் குண்டும் பெட்டிகளில் பட, பயணிகள் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார்கள். இதைக் ‘கிரீன்வுட் ரைசிங்’ வரலாற்று மையத்தில் என்னால் லேசாகக் கேட்டுவிட்டுக் கடக்க முடியவில்லை. அந்த வண்டியின் கார்டு என்ன செய்திருப்பார்? பயணிகளை எப்படிக் காத்தார்?

விடிந்ததும் கூட்டம் தண்டவாளத்தைக் கடந்தது. 35 பிளாக்குகள், 1,200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. கொள்ளையடித்துவிட்டுத்தான் தீ வைத்தார்கள். அரசு ஒத்துக்கொண்ட சாவு 36. இன்றைய ஆய்வாளர்கள் 300 வரை இருக்கலாம் என்கிறார்கள். உயிர் தப்பிய ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்து அரங்கத்திலும் மைதானத்திலும் அடைத்து வைத்தார்கள். காப்பீட்டுக் கம்பெனிகள் பணம் தரவில்லை. கொன்றவர்கள், கொளுத்தியவர்கள் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. எரிந்த மண்ணில் தொழிற்பேட்டையும் புது ரயில் நிலையமும் அமைக்கலாம் என்று தெற்குப் பக்கத்துப் பெரிய மனிதர்கள் திட்டம் போட்டு, தீப்பிடிக்காத பொருளில்தான் வீடு கட்டலாம் என்று நகரச் சட்டமும் கொண்டுவந்தார்கள். பி.சி. ஃபிராங்க்ளின் என்ற கறுப்பின வக்கீல் கூடாரத்தில் அலுவலகம் போட்டு வழக்காடி அதை முறியடித்தார். மக்கள் கூடாரங்களில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, திரும்பவும் கட்டினார்கள்.

வெளியே வந்து கிரீன்வுட் அவென்யூ நடைபாதையில் குனிந்து பாருங்கள். தரையில் சின்னச் சின்ன உலோகத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கடை அல்லது தொழிலின் பெயர், கதவு எண், 1921ல் அழிக்கப்பட்டது என்ற வரி. அதற்குக் கீழே மீண்டும் திறக்கப்பட்டது, அல்லது திறக்கப்படவில்லை. தையற்கடை, மருத்துவர், உணவகம். நான் ஒவ்வொன்றாகக் குனிந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துக்கொண்டே போனேன். மனைவி தகடுகளை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தாள். சிலவற்றின் எழுத்து தேய்ந்திருக்கிறது. தலைக்கு மேலே நெடுஞ்சாலை ஓடுகிறது. திரும்பக் கட்டிய கிரீன்வுட்டையும் பின்னாளில் ‘நகரப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் இடித்து, நடுவே ஐ-244 சாலையைப் போட்டார்கள். எஞ்சி நிற்பது ஒரு சிறு துண்டு. கொளுத்தியபோது அடித்தளம் மட்டும் தப்பிய வெர்னான் தேவாலயம் அந்தச் சாலையை ஒட்டி இருக்கிறது.

மதியச் சாப்பாடு அங்கேயே ஒரு சின்ன உணவகத்தில். சோள மாவில் புரட்டிப் பொரித்த கெளுத்தி மீன், பொரித்த வெண்டைக்காய். பதினான்கு டாலர் தட்டு இருவருக்கும் போதும். “வெண்டைக்காய் நம்ம வீட்டில் செய்வதைவிட மொறுமொறுப்பாக இருக்குங்க” என்று மனைவி பக்குவம் கேட்டாள். பரிமாறிய மூத்த அம்மாள் உட்கார்ந்து விளக்கினார். மோரில் ஊறவைத்துவிட்டு மாவில் போட வேண்டுமாம். பேச்சு 1921க்குப் போனது. பள்ளிக்கூடத்தில் ஒரு வரிகூடச் சொல்லித் தரவில்லை, பாட்டி சொல்லித்தான் தெரியும் என்றார். மாநில அரசு அமைத்த குழு அறிக்கை தந்ததே 2001ல்தான். அன்று குழந்தைகளாக இருந்த வயோலா ஃபிளெட்சர், லெஸ்ஸி ராண்டில் இருவருக்கும் 2024 ஏப்ரலில் 109 வயது. இழப்பீடு கேட்டு அவர்கள் போட்ட வழக்கில் அந்த மாதத் தொடக்கத்தில்தான் மாநில உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. அவர்கள் கண்ணை மூடுவதற்குள் நியாயம் கிடைத்திருக்க வேண்டும். இதில் இரண்டு கருத்துக்கு எனக்கு இடமே தெரியவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

எண்ணெய்ப் பணம் கட்டியதைப் பார்க்கும் நாள். ஃபில்புரூக் மாளிகை, எண்ணெய் முதலாளி வெயிட் பிலிப்ஸ் 1927ல் இத்தாலிய பாணியில் கட்டிக்கொண்ட வீடு, 72 அறைகள். பதினோரு வருடத்தில், 1938ல் நகரத்துக்கே கொடுத்துவிட்டார், இன்று கலை அருங்காட்சியகம். தோட்டம் படிப்படியாக இறங்கி ஒரு சிறு மண்டபத்தில் முடிகிறது. மிக அழகு. ஆனால் நேற்று பார்த்த தகடுகள் மனதில் இருக்க, கூடாரத்தில் குடியிருந்தவர்களுக்கும் இந்த மாளிகைக்கும் நடுவே ஆறே ஆண்டுகள் என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

மதியம் வெள்ளிக்கிழமைச் சங்கடம். காய்கறித் தட்டு என்று பலகையில் போட்டிருந்தது. பரிமாறும் பெண்ணிடம் மனைவி கறி சாப்பிடமாட்டாள் என்று சொன்னதும், சமையலறைக்குப் போய்க் கேட்டு வந்தாள். “பீன்ஸில் பன்றிக்கறி போட்டு வேகவைத்திருக்கிறார்கள், கீரையிலும். வேண்டாம். கார்ன் பிரட்டும் உருளைக்கிழங்கும் பொரித்த பச்சைத் தக்காளியும் தருகிறேன்.” சொல்லாமல் வைத்திருந்தால் எங்களுக்குத் தெரியவே தெரியாது. கார்ன் பிரட்டுக்குக் காசு போடவும் இல்லை. இந்த ஊர் மனிதர்களிடம் இப்படி ஒரு கவனம் இருக்கிறது.

பொருட்காட்சி மைதானத்து வாசலில் நிற்கும் 75 அடி எண்ணெய்த் தொழிலாளி சிலையை டாக்சியிலிருந்தே பார்த்தோம். பெல்ட்டில் ஊர்ப் பெயர், ஒரு கை நிஜமான எண்ணெய்க் கிணற்றுக் கோபுரத்தின் மேல். படம் எடுத்ததும் கிளம்பிவிட்டோம்.

மாலை ஆற்றங்கரையில் ‘கேதரிங் பிளேஸ்’ பூங்கா. எண்ணெய், வங்கித் தொழில்களில் பெரும்பணம் சேர்த்த ஜார்ஜ் கைசரின் அறக்கட்டளை முன்னின்று, 46.5 கோடி டாலர் செலவில் 2018ல் திறந்தது. உள்ளே போகக் கட்டணமில்லை. வடக்குப் பக்கத்துக் குழந்தைகளும் தெற்குப் பக்கத்துக் குழந்தைகளும் ஒரே சறுக்குமரத்தில் வரிசை கட்டி நிற்கிறார்கள். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். தானம் வேறு, கடன் வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். பூங்கா தானம். கிரீன்வுட்டுக்குத் தர வேண்டியது கடன்.

ஏப்ரல் 20, சனி

விடியலிலிருந்து மழை, பதினைந்து டிகிரிக்குக் குளிர் இறங்கியிருந்தது. பஸ் பிற்பகலில் என்பதால் ஆற்றைக் கடந்து ரெட் ஃபோர்க் போனோம். அங்கே ரூட் 66 பழைய சாலையோரம் பிரிஸ்கோ 4500 எண் நீராவி என்ஜினை வைத்திருக்கிறார்கள். 1942ல் பால்ட்வின் ஆலையில் செய்தது, ‘மீட்டியர்’ என்ற பயணி ரயிலை இழுத்தது. என் தோள் உயரத்தையும் தாண்டிய சக்கரங்கள். மனைவி குடை பிடிக்க, நான் சுற்றி வந்தேன். இது கரி போட்டு எரித்த என்ஜின் அல்ல, எண்ணெயில் ஓடியது. இந்த ஊரை உண்டாக்கிய இரண்டும் ஒரே இரும்பில் இருக்கின்றன.

எண்ணெயில் ஓடும் நீராவி என்ஜின் எனக்குப் புதிதில்லை. மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதைக்கு அப்படிப்பட்ட என்ஜின்களை எங்கள் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் புதிதாகவே கட்டினார்கள். என்ஜினைப் பராமரிக்கும் தன்னார்வலர்களில் ஒருவர் மழைக்கோட்டோடு நின்றிருந்தார். இதைச் சொன்னதும் நம்பவில்லை. “இந்த நூற்றாண்டிலா? புதிதாகவா?” போனில் பொன்மலை என்ஜின் படத்தைக் காட்டினேன். பர்னர் எங்கே வைப்பார்கள், பாய்லர் அழுத்தம் எவ்வளவு, மலையில் பல்சக்கரம் எப்படிப் பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெரிந்தவரை சொன்னேன். மனைவி, “பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க” என்று மூன்றாம் தடவை சொன்ன பிறகுதான் விட்டார்.

இந்த முறை பஸ் நேரத்துக்கு வந்தது. டல்லாஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள் யாராவது போவதென்றால், காரில் நாலரை மணி நேரம். ஏப்ரல், மே மாதங்களில் போனால் வானிலை எச்சரிக்கையைப் போனில் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். கிரீன்வுட் ரைசிங்குக்கு அரை நாள் ஒதுக்குங்கள், மாளிகையும் பூங்காவும் அதற்குப் பிறகு. சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகத் தயங்க வேண்டாம், வயதுக்கு ஏற்றபடி எதைத் தவிர்ப்பது என்று வாசலிலேயே சொல்லி அனுப்புகிறார்கள். நடைபாதைத் தகடுகளைப் படிக்க வெயில் ஏறுமுன் காலையில் போங்கள், பளபளப்பு கண்ணில் அடிக்காது.